கூப்பிட்டார்களா, எத்தனை தடவை? – கணினிக் கேள்வி பதில்

போன இதழில் ‘மேப்’ பற்றி நான் எழுதிய நாலு வரிக்கு இவ்வளவு கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. அரே என்னும் பட்டியலை உறுப்பு உறுப்பாக எடுத்து ஓடும் மேப், ஃபார்ஈச், ரெட்யூஸ் போன்ற இட்டரேட்டர்களுக்கு நாம் கொடுக்கும் பெயரில்லா ஃபங்ஷன்களை, அதாவது கால்பேக்குகளை, எப்படி டெஸ்ட் செய்வது என்றுதான் பலரும் கேட்டிருக்கிறீர்கள். அதனால் இந்த மாதம் முழுக்க அதுவே. பிரின்டர் பழுது, கைபேசி சார்ஜ் விவகாரமெல்லாம் அடுத்த இதழில்.

கேள்வி: அக்கா, பெயரே இல்லாத ஃபங்ஷனை டெஸ்டில் எப்படிக் கூப்பிடுவது? மேப்புக்கு உள்ளேயே எழுதிவிடுகிறோம். வெளியிலிருந்து அதைத் தொடவே வழியில்லையே? – கல்லூரி மாணவர், ரோஸ் ஹில்

தொட வேண்டாம், தம்பி. அதைக் கூப்பிடுவது மேப்பின் வேலை, உங்கள் வேலை இல்லை.

இதில் இரண்டு தனித்தனி விஷயங்கள் இருக்கின்றன. அந்த ஃபங்ஷனுக்குள் நடக்கும் கணக்கு சரியா என்பது ஒன்று. அதைக் கூப்பிடுகிறவர் சரியாகக் கூப்பிடுகிறாரா என்பது இன்னொன்று: எத்தனை தடவை, எந்த வரிசையில், கையில் என்னென்ன கொடுத்து, எப்போது நிறுத்தி. தைப்பூசக் காவடி முடிந்து ஏழு கறிப் பந்தி நடக்கும்போது, அடுப்படியில் நின்று கறியின் ருசி பார்ப்பவர் ஒருவர். ஒவ்வோர் இலையிலும் விழுந்ததா, யாருக்காவது விட்டுப்போனதா, ஒருவருக்கே இரண்டு தரம் போட்டார்களா என்று பந்தியில் நடப்பவர் வேறொருவர். நம் ஆட்கள் அடுப்படியிலேயே நின்றுவிடுகிறார்கள்.

முதல் விஷயத்துக்கு வழி எளிது. உள்ளே இருப்பது மூன்று வரிக்கு மேல் போனால் வெளியே எடுத்து ஒரு பெயர் வையுங்கள், நேராக டெஸ்ட் செய்யுங்கள். இரண்டாவதற்கு, உங்கள் ஃபங்ஷன் இருந்த இடத்தில் ஓர் உளவாளியைக் கொடுங்கள். ஜாவாஸ்கிரிப்ட் டெஸ்ட் கருவிகளில், ஜெஸ்டில் அதற்கு மாக் ஃபங்ஷன் உண்டு, சைனானில் ஸ்பை உண்டு, பைத்தானில் யூனிட்டெஸ்டோடு மாக் வருகிறது. எனக்குப் பிடித்தது இவை எதுவும் இல்லாத வழி: ஒரு காலிப் பட்டியலை வைத்துக்கொள்ளுங்கள், தனக்கு வந்ததையெல்லாம் அதில் போட்டு வைக்கும் ஒரு சின்ன ஃபங்ஷனைக் கொடுங்கள், எல்லாம் முடிந்ததும் அந்தப் பட்டியலை எதிர்பார்த்ததோடு ஒப்பிடுங்கள். எந்த மொழிக்குப் போனாலும் இது கூடவே வரும்.

ஒன்று மட்டும். மொழியோடு வரும் மேப் சரியாக ஓடுகிறதா என்று டெஸ்ட் எழுதி நேரத்தை வீணாக்காதீர்கள். அதை எழுதியவர்கள் நம்மைவிட அதிகமாகவே சோதித்திருப்பார்கள். நீங்கள் எழுதிய இட்டரேட்டர், அல்லது மொழியின் இட்டரேட்டரும் உங்கள் ஃபங்ஷனும் ஒன்றோடொன்று பொருந்துகிற இடம், இவைதான் நம் கவலை.

கேள்வி: நம் ரூபாய் நோட்டுகளின் மதிப்பை எழுத்துவடிவில் ஒரு பட்டியலாக வைத்து, மேப்புக்கு, எழுத்தை எண்ணாக்கும் பார்ஸ்இன்ட்டைக் கொடுத்தேன். எண்களுக்குப் பதில் குப்பை வருகிறது. ஒரே ஒரு நோட்டை வைத்து எழுதிய டெஸ்ட் மட்டும் பாஸ் ஆகிறது. கணினிக்குப் பைத்தியமா, எனக்கா? – வாசகர், போர்ட் லூயிஸ்

இரண்டு பேருக்கும் இல்லை. இந்தக் கேள்வியை அனுப்பியதற்கு உங்களுக்கு ஒரு அலூதா வாங்கித் தர வேண்டும், அவ்வளவு நல்ல உதாரணம்.

25, 50, 100, 200, 500, 1000, 2000 என்று மொரிஷியஸ் நோட்டுகளை வரிசையாகக் கொடுத்திருக்கிறீர்கள். உங்களுக்குக் கிடைத்தது இதுவாகத்தான் இருக்கும்: 25, நேன், 4, 18, நேன், 125, 432. நேன் என்றால் ‘இது எண்ணே இல்லை’ என்று ஜாவாஸ்கிரிப்ட் கைவிரிப்பது.

காரணம் இதுதான். மேப் உங்கள் ஃபங்ஷனைக் கூப்பிடும்போது ஒன்றல்ல, மூன்று பொருள்களைக் கையில் கொடுக்கிறது: உறுப்பு, அது எத்தனையாவது இடம் என்ற எண் (0-இலிருந்து தொடங்கும்), பிறகு முழுப் பட்டியல். 2009 டிசம்பரில் வந்த, ஜாவாஸ்கிரிப்டின் விதிநூலான எக்மாஸ்கிரிப்ட் 5-இலிருந்து இதுதான் நடைமுறை. நாம் வழக்கமாக முதலாவதை மட்டும் வாங்கிக்கொண்டு மற்றதைக் கண்டுகொள்வதில்லை. ஆனால் பார்ஸ்இன்ட் இரண்டை வாங்கும். இரண்டாவதை ‘எந்த அடிமானத்தில் (பத்தா, இரண்டா, எட்டா) படிக்க வேண்டும்’ என்று எடுத்துக்கொள்ளும். ஆக 25-க்கு இட எண் 0. அடிமானம் 0 என்றால் சொல்லாததாகக் கருதி வழக்கமான பத்தில் படித்துவிட்டது, சரியான விடை. 50-க்கு அடிமானம் 1. அப்படி ஒன்று செல்லாது, நேன். 100-ஐ இரண்டில் படித்தால் 4. 200-ஐ மூன்றில் படித்தால் 18. 500-ஐ நான்கில் படிக்க முடியாது, நான்கின் அடிமானத்தில் 5 என்ற இலக்கமே கிடையாது. 1000 ஐந்தில் 125, 2000 ஆறில் 432. ஒவ்வொன்றும் மிகச் சரியான தவறு.

ஒரு நோட்டு டெஸ்ட் ஏன் பாஸ் ஆனது என்று இப்போது தெரிந்திருக்கும். முதல் உறுப்புக்கு இட எண் 0, அது மட்டும்தான் தப்பிக்கும். அதனால்தான் எங்கள் எபேன் அலுவலகத்தில் யார் இட்டரேட்டர் டெஸ்ட் எழுதினாலும் குறைந்தது மூன்று உறுப்பு வை என்கிறேன். மூன்றும் வேறு வேறாக இருக்கட்டும், ஏறுவரிசையில் இருக்க வேண்டாம். 0, 1, 2 என்று கொடுத்தால் இட எண்ணும் உறுப்பும் கலந்துபோனது கண்ணுக்கே தெரியாது. வரிசையை அலட்சியமாக விட்டால் என்ன ஆகும் என்று இந்தத் தீவில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. 1998-இல் தமிழை இந்திக்குக் கீழே தள்ளி அச்சிட்ட நோட்டுகளைத் திரும்பப் பெற வைத்தவர்கள் நாம்.

திருத்தம்: பார்ஸ்இன்ட்டை அப்படியே கொடுக்காமல், ஓர் உறுப்பை வாங்கி அதையும் 10-ஐயும் பார்ஸ்இன்ட்டுக்குத் தரும் அம்புக்குறி ஃபங்ஷனைக் கொடுங்கள். நம்பர் என்ற ஃபங்ஷனைக் கொடுத்தாலும் சரியாகும், அது முதலாவதை மட்டுமே பார்க்கும். எழுத வேண்டிய டெஸ்ட் ஏழு நோட்டும் உள்ள பட்டியலின் முழு விடையை ஒப்பிடுவது. அதற்குக் குறைந்து எதுவும் வேண்டாம்.

கேள்வி: டெஸ்டிங் வேலைக்கு நான் புதிது. கால்பேக்குக்கு உள்ளேயே எக்ஸ்பெக்ட் என்ற சரிபார்ப்பை எழுதியிருந்தேன். டெஸ்ட் பச்சை, அதாவது பாஸ். சீனியர் வந்து ஃபங்ஷனின் முக்கியமான வரியையே அழித்துவிட்டு ஓட்டிக் காட்டினார், அப்போதும் பச்சை. எல்லோர் முன்னாலும் அசிங்கமாகப் போய்விட்டது. என்ன நடந்தது, அக்கா? – வாசகி, காத்ர் போர்ன்

இதில் அசிங்கம் ஒன்றுமில்லை, தங்கச்சி. உங்கள் சீனியர் செய்ததும் நல்ல பழக்கம்தான், எல்லோர் முன்னாலும் செய்திருக்க வேண்டாம், அவ்வளவே. டெஸ்ட் நம்பகமானதா என்று பார்க்க நிரலை வேண்டுமென்றே கெடுத்து, சிவப்பு எரிகிறதா என்று பார்ப்பார்கள்.

அவர் அழித்தது பட்டியலை நிரப்பும் வரியாக இருக்கும். பட்டியல் காலி. காலிப் பட்டியலில் ஃபார்ஈச் யாரையும் கூப்பிடாது. கூப்பிடாத கால்பேக்குக்குள் இருக்கும் எக்ஸ்பெக்ட் ஓடாது. ஓடாதது தோற்காது. தோல்வி வரவில்லை என்றால் ஜெஸ்ட் பச்சைதான் காட்டும். (க்யூனிட் என்ற இன்னொரு டெஸ்ட் கருவி கொஞ்சம் கறார், ஒரு சரிபார்ப்பும் ஓடாத டெஸ்டை அது தானாகவே சிவப்பாக்கிவிடும்.)

ஜெஸ்டில் டெஸ்டின் முதல் வரியில் எக்ஸ்பெக்ட்.அசெர்ஷன்ஸ் என்பதற்கு 3 என்று கொடுத்தால், மூன்று சரிபார்ப்பு ஓடியே ஆக வேண்டும். எண்ணிக்கை தெரியாவிட்டால் ஹேஸ்அசெர்ஷன்ஸ் போடலாம், ஒன்றாவது ஓடியதா என்று பார்க்கும். க்யூனிட்டில் அசெர்ட்.எக்ஸ்பெக்ட்.

ஆனால் நான் இதையும் சிபாரிசு செய்ய மாட்டேன். கால்பேக்குக்குள் எக்ஸ்பெக்ட் வைப்பதையே விட்டுவிடுங்கள். ஏனென்றால் இன்னொரு பள்ளம் இருக்கிறது. எக்ஸ்பெக்ட் தோற்கும்போது என்ன செய்கிறது? ஓர் எக்செப்ஷனை, அதாவது பிழை அறிவிப்பை, எறிகிறது. நீங்கள் டெஸ்ட் செய்யும் இட்டரேட்டர், ‘ஒரு வரி கெட்டால் மற்றது ஓடட்டும்’ என்று கால்பேக்கைச் சுற்றி ட்ரை–கேட்ச் போட்டிருந்தால், உங்கள் எக்ஸ்பெக்ட் எறிந்ததையும் அதுவே பிடித்து விழுங்கிவிடும். சரிபார்ப்பு மூன்று தடவை ஓடியிருக்கும், மூன்று தடவையும் தோற்றிருக்கும், எண்ணிக்கை பொருந்தியிருக்கும். பச்சை! வந்ததைச் சேர்த்து வைத்து வெளியே வந்து ஒப்பிட்டால் இந்தத் தொல்லை எதுவுமில்லை.

காலிப் பட்டியலுக்கும் தனியாக ஒரு டெஸ்ட் எழுதிக்கொள்ளுங்கள்: கால்பேக் 0 தடவை, விடை இன்னது. ‘எல்லோருமா?’ என்று பார்க்கும் எவ்ரி காலிப் பட்டியலுக்கு உண்மை என்றே விடை தரும், ‘ஒருவராவதா?’ என்று பார்க்கும் சம் பொய் என்று தரும். ‘எல்லா உறுப்பினரும் சந்தா கட்டிவிட்டார்கள்’ என்று உறுப்பினரே இல்லாத சங்கத்துக்குச் செய்தி போவது இப்படித்தான்.

கேள்வி: பெயரில்லா ஃபங்ஷனுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாமா? சும்மா ஓர் ஆசை. – தமிழாசிரியை, வக்வா

வைக்கலாம், டீச்சர். ஜாவாஸ்கிரிப்ட்டும் பைத்தான் 3-உம் தமிழ் எழுத்துகளை, புள்ளியும் கொம்பும் சேர்த்தே, பெயரில் ஏற்கும். டெஸ்டின் தலைப்பு வெறும் வாக்கியம்தான், அதில் தமிழுக்குத் தடையே இல்லை. எங்கள் அலுவலகத்தில் மாறிப்பெயர்கள் ஆங்கிலம், குறிப்புகள் பிரெஞ்சு, சண்டை கிரியோல். தமிழ் சேர்ந்தால் சந்தோஷம்தான், ஆனால் சம்பளத்துக்கு எழுதும் நிரலில் பக்கத்து இருக்கைக்காரரும் படிக்க வேண்டுமே!

கேள்வி: எங்கள் கோயிலில் காவடி எடுப்பவர்களின் பதிவுக்கு ஒரு சின்ன செயலி செய்தேன். ஐந்து பேரைப் பதிந்து ஒருவரை நீக்கினால் ‘மொத்தம் 5’ என்கிறது, ஆனால் அச்சில் நான்கு பெயர்தான். ஃபைண்ட் வைத்துத் தேடினால் செயலியே விழுந்துவிடுகிறது. – கோயில் தொண்டர், மாஹேபூர்

நீக்குவதற்கு டெலீட் போட்டிருக்கிறீர்கள், இல்லையா? டெலீட் ஆளை எடுத்துவிடும், இடத்தை எடுக்காது. பட்டியலில் ஓர் ஓட்டை விழும். நீளம் இன்னும் 5.

அந்த ஓட்டையை ஒவ்வோர் இட்டரேட்டரும் ஒவ்வொரு மாதிரி நடத்துகிறது. ஃபார்ஈச், மேப், ஃபில்டர், சம், எவ்ரி எல்லாம் தாண்டிப் போய்விடும், உங்கள் கால்பேக் நான்கு தடவைதான் கூப்பிடப்படும். (மேப் தரும் புதுப் பட்டியலிலும் அதே இடத்தில் ஓட்டை இருக்கும்.) 2015-இல் மொழிக்குள் வந்த ஃபைண்டும் ஃபைண்ட்இண்டெக்ஸும் தாண்டாது, ஓட்டைக்கும் கூப்பிட்டு, கையில் ‘அன்டிஃபைன்ட்’ (மதிப்பே இல்லை) என்று ஒன்றைத் திணிக்கும். உங்கள் கால்பேக் அதனிடம் போய் பெயரைக் கேட்கிறது, விழுகிறது. தேடிய ஆள் ஓட்டைக்கு முன்னாலேயே கிடைத்துவிட்டால் ஃபைண்ட் அங்கேயே நின்றுவிடும், விழாது. அதனால் சில பெயருக்கு வேலை செய்யும், சில பெயருக்குச் செய்யாது. இந்த மாதிரிப் பிழைதான் திருவிழா வாரத்தில் உயிரை எடுக்கும். நீங்களாகவே ஓர் இடத்தில் அன்டிஃபைன்ட் என்று எழுதி வைத்தால் அது ஓட்டை இல்லை, அதற்கு ஃபார்ஈச்சும் கூப்பிடும். அச்சில் பார்க்க இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருக்கும்.

நீக்க, இடத்தையும் சேர்த்து எடுக்கும் ஸ்ப்ளைஸ் பயன்படுத்துங்கள், அல்லது ஃபில்டரால் புதிய பட்டியல் எடுங்கள். ஸ்ப்ளைஸை ஃபார்ஈச்சுக்கு உள்ளேயே மட்டும் போடாதீர்கள். மூன்றாமவர் போனதும் நான்காமவர் அந்த இடத்துக்கு நகர்வார், ஃபார்ஈச் அடுத்த இடத்துக்குப் போய்விடும், அவருக்குக் கால்பேக் போகாது. ஓடும்போது பட்டியலின் கடைசியில் புதிதாகச் சேர்த்தவருக்கும் போகாது. எதுவரை ஓட வேண்டும் என்பதை ஃபார்ஈச் முதலிலேயே முடிவு செய்துவிடுகிறது. உறுப்பை மாற்றினால் மட்டும் மாற்றிய மதிப்பு வரும். டெஸ்டில் ஐந்து பேர், நடுவிலிருந்து ஒருவரை நீக்கியபின் உளவாளியிடம் சரியாக நான்கு பெயர், நீளமும் 4, கடைசிப் பெயரைத் தேடினால் கிடைக்கிறது. இந்த மூன்றையும் பாருங்கள்.

கேள்வி: பட்டியலை ஒரே விடையாகச் சுருக்கும் ரெட்யூஸுக்குக் கொடுத்த கால்பேக் எப்போதும் ஒரு தடவை குறைவாகவே கூப்பிடப்படுகிறது. பிழையா? – வாசகர், பூ பாசேன்

இல்லை. தொடக்க மதிப்பு தராவிட்டால் முதல் உறுப்பையே தொடக்கமாக எடுத்துக்கொண்டு, இட எண் 1-இலிருந்து கூப்பிடும். ஒரே உறுப்பு என்றால் கூப்பிடவே கூப்பிடாது, அந்த உறுப்பை அப்படியே திருப்பித் தரும். காலி என்றால் டைப் எரர். தொடக்க மதிப்பு கொடுங்கள், மூன்றும் தீரும்.

கேள்வி: மாக் பொய் சொல்கிறது! 100, 200, 500 ரூபாய்ப் பொருள்களுக்கு 15 சதவீத வாட் சேர்த்து ஒவ்வொன்றாகக் கால்பேக்குக்கு அனுப்புகிறேன். திரையில் 115, 230, 575 என்று சரியாக ஓடுகிறது. ஆனால் மாக்கிடம் கேட்டால் மூன்று தடவையும் 575 வந்தது என்கிறது. – நிரலாளர், எபேன்

பக்கத்துக் கட்டடமா? ஒரு நாள் வாருங்கள், காட்டுகிறேன். இப்போதைக்கு இது.

நீங்கள் ஒவ்வொரு சுற்றிலும் புதிய ரசீது உருவாக்கவில்லை. ஒரே ரசீதை வைத்துக்கொண்டு அதில் உள்ள தொகையை மட்டும் மாற்றி மாற்றி அனுப்புகிறீர்கள். மாக் தனக்கு வந்ததை நகல் எடுப்பதில்லை, ‘இந்தப் பொருள் வந்தது’ என்று அதைச் சுட்டி மட்டும் வைத்துக்கொள்ளும். ஜெஸ்டும் அப்படி, பைத்தானின் மாக்கும் அப்படி. சுற்று முடிந்து நீங்கள் கேட்கும்போது மூன்று சுட்டலும் ஒரே ரசீதைக் காட்டுகின்றன, அதில் அப்போது இருப்பது 575.

டெஸ்டுக்கான வைத்தியம்: மாக்குக்கு ஓர் உடனடி வேலை கொடுங்கள். பைத்தானில் சைடு எஃபெக்ட், ஜெஸ்டில் மாக்இம்ப்ளிமென்டேஷன். வந்த ரசீதை அந்த நொடியிலேயே நகலெடுத்து உங்கள் பட்டியலில் போடச் சொல்லுங்கள், ரசீதுக்குள் இன்னொரு பட்டியல் இருந்தால் ஆழ நகல் எடுக்க வேண்டும்.

ஆனால் அங்கேயே நிறுத்தாதீர்கள். மாக் ஏமாந்த மாதிரியே உங்கள் ஃபங்ஷனைப் பயன்படுத்துபவரும் ஏமாறலாம். யாராவது ரசீதுகளைச் சேர்த்து வைத்து மாலையில் அச்சிட்டால் மூன்றும் 575 என்றுதான் வரும். என்னைக் கேட்டால் டெஸ்டை விட்டுவிட்டு இட்டரேட்டரைத் திருத்துவேன்: சுற்றுக்கு ஒரு புதிய ரசீது. வேகம் போதாது என்று யாராவது சொன்னால் அளந்து காட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: பைத்தானில் மேப்புக்கு லாம்டா (பெயரில்லா ஃபங்ஷன்) கொடுத்து, அது கூப்பிடும் ஒரு சின்ன ஃபங்ஷனுக்குள் பிரின்ட்டும் வைத்தேன். ஒன்றும் அச்சாகவில்லை. அண்ணன் தன் பழைய கணினியில் ஓட்டினால் அச்சாகிறது. – பள்ளி மாணவி, க்யூர்பீப்

அண்ணன் கணினியில் இருப்பது பைத்தான் 2, பாப்பா. அதில் மேப் உடனே எல்லாவற்றையும் ஓட்டிப் பட்டியலாகத் தந்துவிடும். பைத்தான் 3-இல், அதாவது 2008 டிசம்பருக்குப் பிறகு, மேப் சோம்பேறி. ‘கேட்டால் தருகிறேன்’ என்று ஓர் இட்டரேட்டரைக் கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்துகொள்ளும். நெக்ஸ்ட் என்று கேட்டால் லாம்டா ஒரு தடவை ஓடும். லிஸ்ட் என்று கேட்டால் மீதி முழுக்க ஓடும். அதற்கப்புறம் கேட்டால் காலி, லாம்டாவும் ஓடாது.

இதை டெஸ்டாகவே எழுதிப் பாருங்கள், நன்றாகப் புரியும். மூன்று உறுப்புக்கு மேப் உருவாக்கியதும் உளவாளியின் எண்ணிக்கை 0. நெக்ஸ்டுக்குப் பின் 1. லிஸ்டுக்குப் பின் 3. மறுபடி லிஸ்ட் போட்டாலும் 3.

இதோடு இன்னொன்று சேரும்போதுதான் வேடிக்கை. லாம்டா தனக்கு வெளியே உள்ள மாறியின் மதிப்பை எழுதிய நேரத்தில் எடுப்பதில்லை, ஓடும் நேரத்தில் எடுக்கும். 0, 1, 2 என்று ஓடும் லூப்பில் மூன்று லாம்டா செய்து, லூப் முடிந்தபின் ஓட்டினால் மூன்றும் 2 என்றே சொல்லும். சோம்பேறி மேப்பை லூப்புக்குள் உருவாக்கி லூப்புக்கு வெளியே செலவழித்தாலும் அதே கதை. ஜாவாவில் இப்படி எழுத கம்பைலரே விடாது, லாம்டா தொடும் வெளி மாறி மாறாமல் இருக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டுவிட்டார்கள்.

ஆனால் ஜாவாவுக்கும் தன் சோம்பல் உண்டு. ஸ்ட்ரீமில், கடந்துபோகும் உறுப்புகளை எட்டிப் பார்க்கும் பீக் வைத்துக் கடைசியில் எண்ணிச் சொல்லும் கவுன்ட் போட்டால், எண்ணிக்கை முன்பே தெரிந்த பட்டியலாக இருக்கும்போது, ஜாவா 9-இலிருந்து இடையில் இருப்பதை ஓட்டாமலே விடையைத் தரலாம். பீக்குக்குள் எண்ணிக்கை வைத்து டெஸ்ட் எழுதியவர்கள் ஜாவா 8-இலிருந்து மேலே போனபோது தலையைச் சொறிந்தது இதனால்தான்.

கேள்வி: ரூபியில் நானே ஒரு ஈச் எழுதியிருக்கிறேன், கோப்பைத் திறந்து, வரி வரியாக யீல்ட் செய்து, கடைசியில் மூடும். ரெயூனியன் வாடிக்கையாளருக்குப் போக வேண்டியது. எதையெதை டெஸ்ட் செய்தால் நிம்மதியாகத் தூங்கலாம்? – நிரலாளர், மோக்கா

இந்த மாதத்தின் ஒரே உண்மையான ‘என்னுடைய இட்டரேட்டர்’ கேள்வி, அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், தம்பி.

ரூபியின் டெஸ்ட் கருவியான ஆர்ஸ்பெக்கில் இதற்கென்றே வழி இருக்கிறது. (ரூபியில் கால்பேக்குக்குப் பெயர் பிளாக், அதைக் கூப்பிடுவது யீல்ட்.) யீல்ட் சக்ஸசிவ் ஆர்க்ஸ் என்பதற்கு மூன்று வரிகளைக் கொடுத்தால், பிளாக்குக்கு அந்த மூன்றும் அதே வரிசையில் ஒவ்வொன்றாக வந்ததா என்று பார்க்கும். எண்ணிக்கை மட்டும் போதும் என்றால் யீல்ட் கன்ட்ரோல். காலிக் கோப்பு, ஒரே வரி, கடைசியில் வரிமுறிவு இல்லாத கோப்பு, இந்த மூன்றுக்கும் எழுதுங்கள்.

அடுத்து, பிளாக்கே கொடுக்காமல் கூப்பிட்டால்? ஒன்றும் செய்யாவிட்டால் யீல்ட் லோக்கல் ஜம்ப் எரர் எறியும். ரூபிக்காரர்கள் எதிர்பார்ப்பது, பிளாக் இல்லை என்றால் எனுமரேட்டரைத் திருப்பித் தருவது. எதுவானாலும் முடிவு செய்து டெஸ்டில் எழுதி வையுங்கள்.

அப்புறம் பிளாக்கின் தாராளம். சாதாரண பிளாக்குக்கு எத்தனை கொடுத்தாலும் குறைந்ததை நில் ஆக்கிக்கொள்ளும், கூடியதைக் கீழே போட்டுவிடும். இரண்டு பெயர் கேட்கும் பிளாக்கிடம் ஓர் அரேயைக் கொடுத்தால் அதைப் பிரித்தும் எடுத்துக்கொள்ளும். அதனால் நீங்கள் தவறாக வரியையும் வரி எண்ணையும் ஒன்றாகக் கட்டி யீல்ட் செய்தாலும் பல டெஸ்டுகள் பாஸ் ஆகும். லாம்டா அப்படி இல்லை, நேராகக் கூப்பிட்டால் எண்ணிக்கை பிசகியதும் ஆர்க்யுமென்ட் எரர். வந்ததை முழுசாக அள்ளும் நட்சத்திரக் குறிப் பராமீட்டர் வைத்த உளவாளியைக் கொடுத்தால், உண்மையில் என்ன வந்தது என்று தெரியும்.

கடைசியாக, பலரும் விடுவது: பாதியில் வெளியேறுபவர். பிளாக்குக்குள் பிரேக் போட்டால், அல்லது யாராவது ஃபர்ஸ்ட் என்று 2 வரி மட்டும் கேட்டால், உங்கள் ஈச்சின் மீதி வரிகள் ஓடாது. கடைசியில் மூடும் அந்த வரியும் ஓடாது. கோப்பு திறந்தே கிடக்கும். மூடுவதை, எப்படி வெளியேறினாலும் ஓடும் என்ஷூரில் வையுங்கள். டெஸ்டில் இரண்டாவது வரியில் பிரேக் செய்து, கூப்பிட்டது இரண்டே தடவைதானா, கோப்பு மூடியிருக்கிறதா என்று இரண்டையும் பாருங்கள். பிளாக் எக்செப்ஷன் எறியும் வழக்குக்கும் இதே டெஸ்ட்.

கேள்வி: ஃபார்ஈச்சுக்கு அசிங்க் ஃபங்ஷன் கொடுத்தால் டெஸ்ட் முன்கூட்டியே முடிந்துவிடுகிறது. அவெயிட் எங்கே போடுவது? – வாசகர், ஃபீனிக்ஸ்

எங்கே போட்டும் பயனில்லை. அசிங்க் ஃபங்ஷன் தரும் ப்ராமிஸை (‘பிறகு முடித்துத் தருகிறேன்’ என்ற வாக்கை) ஃபார்ஈச் வாங்கிக் குப்பையில் போட்டுவிடும், திருப்பித் தருவது எப்போதும் அன்டிஃபைன்ட். ஒன்றன்பின் ஒன்றாக ஓட வேண்டும் என்றால் ஃபார்–ஆஃப் லூப்பில் அவெயிட். எல்லாம் சேர்ந்து ஓடலாம் என்றால் மேப்பும் ப்ராமிஸ்.ஆலும். இரண்டையும் பிரித்தறிய, கால்பேக் தன் தொடக்கத்தையும் முடிவையும் ஒரு பட்டியலில் குறித்து வைக்கட்டும். தொடக்கம், முடிவு, தொடக்கம், முடிவு என்று வந்தால் வரிசையாக ஓடியது. தொடக்கம், தொடக்கம் என்று அடுத்தடுத்து வந்தால் சேர்ந்து ஓடியது. நோட்.ஜேஎஸ் 15-இலிருந்து யாரும் பிடிக்காத ப்ராமிஸ் தோல்வி முழு புராசஸையும் வீழ்த்தும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கேள்வி: வரிசைப்படுத்தும் சார்ட்டுக்குக் கொடுக்கும் ஒப்பீட்டு ஃபங்ஷன் எத்தனை தடவை கூப்பிடப்பட வேண்டும்? டெஸ்டில் 9 என்று எழுதினேன், பிரௌசரைப் புதுப்பித்ததும் உடைந்துவிட்டது. – வாசகி, த்ரியோலே

அந்த 9-ஐ அழித்துவிடுங்கள். ஃபார்ஈச் எத்தனை தடவை கூப்பிடும் என்று மொழியின் விதியே வாக்குக் கொடுக்கிறது. சார்ட் அப்படி எந்த வாக்கும் தரவில்லை. வாக்குக் கொடுக்காததை டெஸ்டில் கேட்கக் கூடாது.

குரோம் உலாவியே இதற்குச் சாட்சி. முன்பு அதன் வி8 பொறி 10 உறுப்பு வரை ஒரு முறையிலும், அதற்கு மேல் வேறு முறையிலும் வரிசைப்படுத்தியது. 2018-இல் குரோம் 70 வந்தபோது டிம்சார்ட் என்ற முறைக்கு மாறியது. உண்மை, பொய் என்று மட்டும் திருப்பித் தரும் அரைகுறை ஒப்பீடுகள் சின்னப் பட்டியலில் தற்செயலாக வேலை செய்து கொண்டிருந்தவை, அதன்பின் உடைந்தன. ஒப்பீடு எதிர்ம எண், 0, நேர்ம எண் என்ற மூன்றில் ஒன்றைத் தர வேண்டும்.

சார்ட்டை விட்டுவிட்டு அந்த ஒப்பீட்டை நேராகவே சோதியுங்கள். முதலாவதையும் இரண்டாவதையும் கொடுத்தால் வரும் குறி, இடம் மாற்றிக் கொடுத்தால் எதிராக வருகிறதா? ஒன்றையே இரண்டு பக்கமும் கொடுத்தால் 0 வருகிறதா? பிறகு சார்ட்டின் விடையை மட்டும் ஒப்பிடுங்கள். சமமானவை பழைய வரிசையிலேயே நிற்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது 2019-க்குப் பிறகு நியாயம், அந்த ஆண்டின் எக்மாஸ்கிரிப்ட் அதை விதியாக்கிவிட்டது. பட்டியலில் அன்டிஃபைன்ட் இருந்தால் அது ஒப்பீட்டுக்கு வராமலே கடைசிக்குப் போய்விடும், அதற்கென்று உள்ளே நீங்கள் எழுதியிருக்கும் இஃப் வரியை எடுத்துவிடலாம்.